திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களும் எண்ணிமக் கருவிகளும்: வேலூர் - ஆம்பூர் தோல் தொழில் வட்டாரச் சுற்றுலாவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படத்தில் கண்ட இடத்தை நேரில் காணச் செல்லும் வழக்கம் சுற்றுலாவின் ஒரு கிளையாக வளர்ந்துள்ளது. அவ்விடங்களை மக்களிடம் கொண்டு செல்வதில் இணைய வரைபடம், குறுங்காணொளி, விரைவுக் குறியீடு, மிகை மெய்ம்மை முதலிய எண்ணிமக் கருவிகள் இன்று முதன்மை பெறுகின்றன. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்துள்ள தோல் தொழில் வட்டாரத்தில் இக்கருவிகளை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கொடைக்கானல் குணா குகையின் பட்டறிவு அடிப்படைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. விளம்பரத்துக்கு முன்னர்ச் சரிபார்க்கப்பட்ட இடப் பதிவேடு தேவை என்பதும், திரை மறைப்பதையும் அப்பதிவேடு சொல்ல வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: திரைப்படச் சுற்றுலா, படப்பிடிப்புத் தளம், எண்ணிமக் கருவிகள், வேலூர்க் கோட்டை, ஆம்பூர், பாலாறு, குணா குகை.

முன்னுரை

தென்னிந்தியாவின் முதல் கதைப்படமாகக் கருதப்படும் 'கீசக வதம்' என்னும் மௌனப்படத்தை உருவாக்கிய இரங்கசாமி நடராச முதலியார் 1885ஆம் ஆண்டு வேலூரில் பிறந்தவர். வாகன உதிரிப்பாக வணிகத்தில் இருந்த அவர், சென்னை புரசைவாக்கத்தில் படப்பிடிப்பு நிலையம் அமைத்து இப்படத்தை எடுத்தார். படம் வெளியான ஆண்டை 1916 என்றும், 1917 என்றும், 1918 என்றும் ஆய்வாளர்கள் வெவ்வேறாகக் குறிப்பர். படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. தென்னகத் திரைத்துறையின் தொடக்கமே ஆவணம் இன்றி ஐயத்துக்குரியதாகிவிட்டமைக்கு இஃது ஒரு சான்று.

படங்களுக்கு நேர்ந்த இக்குறை படம்பிடித்த இடங்களுக்கும் நேர்ந்துள்ளது. எந்தக் காட்சி எந்த ஊரில், எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதைப் பெரும்பாலும் ஊர்மக்களின் நினைவே காத்து வருகிறது. அந்நினைவு இணையத்தில் ஏறும்போது சரிபார்க்கப்படாமலேயே பரவுகிறது. சுற்றுலா வளர்ச்சி குறித்த பேச்சுகளில் எண்ணிமக் கருவி என்பது விளம்பரக் கருவி என்ற பொருளிலேயே ஆளப்படுகிறது. அக்கருவி முதலில் பதிவுக் கருவியாகவும், அடுத்து வழிகாட்டும் கருவியாகவும், அதன் பின்னரே விளம்பரக் கருவியாகவும் அமைய வேண்டும். இவ்வரிசை மாறுமானால் நேரும் தீங்கினையும், மாறாதிருப்பின் வேலூர் - ஆம்பூர் வட்டாரம் பெறக்கூடிய பயனையும் கீழ்வரும் பகுதிகள் ஆராய்கின்றன.

1. கதைக்களமும் படப்பிடிப்புத் தளமும்

திரைப்படத்தில் ஓர் இடம் இரண்டு நிலைகளில் அமைகிறது. கதை நிகழ்வதாகச் சொல்லப்படும் இடம் கதைக்களம். படப்பிடிப்புக் கருவி வைக்கப்பட்ட இடம் படப்பிடிப்புத் தளம். இவ்விரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. மணிரத்னம் இயக்கத்தில் 1992இல் வெளியான 'ரோஜா' காசுமீரக் கதையைச் சொல்கிறது. அதன் பனிமலைக் காட்சிகள் இமாசலப் பிரதேசத்து மணாலியில் எடுக்கப்பட்டன. 1975இல் வெளியான 'ஷோலே' இந்திப் படத்தின் இராம்கட் என்னும் சிற்றூர், பெங்களூருக்கு அருகிலுள்ள இராமநகரத்துப் பாறைக் குன்றுகளுக்கு இடையே அமைக்கப்பட்டது. ஆர்.கே. நாராயணின் கற்பனை ஊராகிய மால்குடி, சங்கர் நாக் இயக்கிய தொலைக்காட்சித் தொடருக்காகக் கருநாடகத்து ஆகும்பேயில் உருப்பெற்றது. அத்தொடரில் இடம்பெற்ற அரசாளு தொடர்வண்டி நிலையம் இன்று மால்குடி அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது.

சுற்றுலாவுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. கதைக்களத்தைத் தேடி வருபவர் படப்பிடிப்புத் தளத்தையே அடைகிறார். இரண்டுக்கும் உள்ள தொலைவைச் சொல்லாத குறிப்பு அவரை ஏமாற்றுகிறது. 2012இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு என்னும் திறந்த தரவுத்தளம் இதனை உணர்ந்து இரண்டு தனித்தனிப் பண்புகளை வகுத்துள்ளது. படம்பிடித்த இடத்துக்குப் பி915 என்னும் எண்ணும், கதை நிகழும் இடத்துக்குப் பி840 என்னும் எண்ணும் வழங்கப்பட்டுள்ளன. எவரும் கட்டணமின்றித் தகவல் சேர்க்கவும் எடுத்தாளவும் இத்தளம் இடந்தருகிறது. ஓர் ஊரைத் தேடினால் அங்கே எடுக்கப்பட்ட படங்களும், ஒரு படத்தைத் தேடினால் அதன் தளங்களும் கிடைக்குமாறு தரவுகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. தமிழ்ப் படங்களுக்கு இப்பண்புகளை முறையாக நிரப்புவது பெரும்பொருட்செலவின்றிச் செய்யத்தக்க முதற்பணியாகும்.

2. குணா குகை தரும் பாடம்

தமிழகத்தில் திரைப்படத்தால் புதுப்பெயர் பெற்ற இடங்களுள் கொடைக்கானல் குணா குகை தலையாயது. ஆங்கிலேயர் காலத்தில் பேயின் சமையலறை எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்ட இக்குகை, கமல்ஹாசன் நடிப்பில் சந்தானபாரதி இயக்கிய 'குணா' 1991இல் வெளியான பின்னர் அப்படத்தின் பெயராலேயே வழங்கலாயிற்று. ஆழ்ந்த பிளவுகள் நிறைந்த இவ்விடம் உயிரிழப்புகள் நேர்ந்தமையால் கம்பிவேலியிட்டு அடைக்கப்பட்டது. 2006இல் கேரளத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த இளைஞர் குழுவில் ஒருவர் பிளவினுள் விழுந்து, நண்பரால் மீட்கப்பட்டார். அந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்ட 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படம் 2024 பிப்ரவரியில் வெளியானது.

படம் வெளியான சில நாள்களிலேயே குகைக்கு வருவோர் தொகை பெருகியது. பெருக்கத்துக்குத் துணைநின்றவை அரசின் விளம்பரங்கள் அல்ல. படப்பாடலைப் பின்னணியாகக் கொண்ட குறுங்காணொளிகளே பெரும்பங்கு வகித்தன. தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் இறங்கிய இளைஞர்கள் வனத்துறையினரால் கைது செய்யப்பட்டதும் அக்காலத்தில் நிகழ்ந்தது. மனிதர் விழக்கூடாது என்று எச்சரித்த கதையே மனிதரைப் பள்ளத்தின் விளிம்புக்கு அழைத்து வந்தது என்பது இங்கு எண்ணத்தக்கது.

அப்படத்தில் காணும் குகையின் உட்பகுதிக் காட்சிகளிற் பெரும்பாலானவை கேரளத்துப் பெரும்பாவூரில் அமைக்கப்பட்ட அரங்கில் எடுக்கப்பட்டவை. வேலியைத் தாண்டியவர்கள் தேடிய காட்சி குகையினுள் இல்லை. கதைக்களத்துக்கும் படப்பிடிப்புத் தளத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் ஒரு வரிக் குறிப்பு, வரைபடத்தில் அவ்விடத்தைத் தொட்டவுடன் தோன்றியிருக்குமானால், அவர்களுள் சிலரேனும் திரும்பியிருக்கக்கூடும்.

அதே ஆண்டில் எண்ணிமக் கருவி மற்றொரு வகையிலும் பயன்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. மக்களை ஈர்ப்பதற்குக் கருவி பயன்படுவது போலவே அவர்தம் தொகையை அறிந்து அளவு செய்யவும் பயன்படும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. அளவு செய்யத் தவறியதன் விளைவைத் தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் காணலாம். 2000இல் வெளியான 'தி பீச்' என்னும் ஆங்கிலப் படத்தால் புகழ்பெற்ற அக்கடற்கரையில் பவளப்பாறைகள் சிதைந்தமையால், 2018 சூன் முதல் 2022 சனவரி வரை அது மூடப்பட்டிருந்தது. நியூசிலாந்தில் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களுக்காக மாட்டமாட்டா அருகே ஒரு பண்ணையில் அமைக்கப்பட்ட சிற்றூர் இதற்கு மாறானது. வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே செல்லும் ஒழுங்கு அங்குப் பின்பற்றப்படுகிறது.

3. வட்டாரமும் அதன் வருகையாளரும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலாலும் காலணி உற்பத்தியாலும் அறியப்பட்டவை. ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்ட பழைய முறையும், அதன் பின்னர் வந்த குரோமிய முறையும் இவ்வட்டாரத்தின் பொருளாதாரத்தை வடிவமைத்தன. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் இவ்வூர்களுட் பலவற்றை இணைக்கின்றன. சென்னையிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்பத்தக்க தொலைவில் கோட்டை, மலை, வறண்ட ஆற்றுப்படுகை, பழைய தொழிற்கூடம் எனப் பல்வகைக் காட்சிகள் அமைந்திருப்பது படப்பிடிப்புக்கு ஏற்ற சூழலாகும்.

இவற்றுள் முதலில் கருதத்தக்கது வேலூர்க் கோட்டை. விசயநகர ஆட்சியின்போது 16ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட இக்கருங்கற் கோட்டை 133 ஏக்கர்ப் பரப்பும் நீர் நிறைந்த அகழியும் உடையது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவர்தம் குடும்பத்தினர் இங்கு வைக்கப்பட்டனர். 1806 சூலை 10 அன்று இந்தியப் படைவீரர் கிளர்ந்தெழுந்த இடமும் இதுவே. கண்டியின் கடைசி மன்னர் சிறீவிக்கிரம ராசசிங்கன் இங்கே சிறைவைக்கப்பட்டு 1832இல் உயிர்நீத்தார். அவர் நினைவாகப் பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் உள்ளது. கோட்டைக்குள் அமைந்த ஜலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் இல்லாதிருந்த இறைத்திருமேனி 1981இல் மீண்டும் எழுந்தருளியது.

அடுத்தது, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரி. மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. திரைக்காட்சியில் வளைவு மட்டும் தெரியும், பெயர் தெரியாது. சவ்வாது மலையின் காவலூரில் அமைந்த வைணு பாப்பு வானாய்வகமும் இவ்வட்டாரத்ததே. 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் அங்கு இயங்கி வருகிறது.

இவ்வட்டாரத்தின் தனித்தன்மை அதன் வருகையாளரிடமும் உண்டு. பிற ஊர்கள் பயணிகளை இனிமேல் அழைத்துவர வேண்டும். வேலூரிலோ அவர்கள் முன்னரே வந்து தங்கியுள்ளனர். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, மேற்கு வங்கம், சார்க்கண்டு, வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய பகுதிகளிலிருந்து நோயாளரை ஈர்க்கிறது. அவர்களுடன் வரும் உறவினர்கள் பரிசோதனை முடிவுகளுக்காகவும் அடுத்த கட்ட மருத்துவத்துக்காகவும் பல நாள்கள் காத்திருக்கின்றனர். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களின் விடுதிகளிலும் உணவகங்களிலும் வங்காள எழுத்துப் பலகைகளைக் காணலாம். கோட்டையோ அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. இவர்களுக்கு வேண்டுவது கவலைக்கு இடையே இரண்டு மணிநேரம் அமைதியாகச் சென்று வரத்தக்க இடமும், அதனைத் தாய்மொழியில் அறியும் வாய்ப்புமே ஆகும்.

நெடுஞ்சாலையில் ஆம்பூர்ப் பிரியாணிக்காக வண்டியை நிறுத்துவோர் இரண்டாம் வகையினர். தோல், காலணி வணிகத்தின் பொருட்டு வருவோர் மூன்றாம் வகையினர். திரைப்படம் என்னும் பொது ஆர்வம் இம்மூவகையினரையும் அடுத்த இடத்துக்கு அழைத்துச் செல்லும் பாலமாகலாம். எனவே இவ்வட்டாரத்துக்கான எண்ணிம வழிகாட்டி தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றோடு வங்காளம், இந்தி ஆகிய மொழிகளிலும், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விசாரம் பகுதி மக்கள் பேசும் உருதுவிலும் அமைதல் வேண்டும்.

4. இடப் பதிவேடு உருவாக்கும் முறை

ஒரு காட்சி இன்ன இடத்தில் எடுக்கப்பட்டது என்னும் கூற்றை உறுதிசெய்ய நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வரும் நன்றி அறிவிப்புப் பட்டியல். ஊராட்சிகள், துறைகள், தனியார் இடங்கள் அதில் பெயர் குறிக்கப்படுவதுண்டு. இரண்டாவது, காட்சிச் சட்டகத்தை நேரில் ஒப்பிடுதல். கட்டடங்களும் மரங்களும் மாறும்; மலையின் விளிம்புக்கோடு மாறுவதில்லை. சட்டகத்தில் தெரியும் தொடுவானக் கோட்டைக் களத்தில் எடுத்த ஒளிப்படத்தோடு பொருத்தினால் படப்பிடிப்புக் கருவி நின்ற இடத்தைக் கண்டறியலாம். மூன்றாவது, படம் எடுக்கப்பட்ட காலத்துச் செய்தித்தாள்களும் திரை இதழ்களும். நான்காவது, ஒருவரோடொருவர் தொடர்பில்லாத இருவரேனும் தரும் வாய்மொழிச் சான்று. நான்கினுள் இரண்டு பொருந்தினால் 'உறுதி' என்றும், ஒன்று மட்டும் பொருந்தினால் 'வாய்ப்புண்டு' என்றும், எதுவும் கிட்டாதபோது 'செவிவழிச் செய்தி' என்றும் பதிவிடலாம். செவிவழிச் செய்தியை நீக்கிவிடுதல் தேவையில்லை. அதனை அவ்வாறே குறித்து வைப்பதே ஆய்வு நெறி.

பதிவின் உறுப்புகளாகப் பின்வருவன அமையலாம்: இடத்தின் மக்கள் வழக்குப் பெயர், ஆவணப் பெயர், புவியியல் ஆயங்கள், படத்தின் பெயரும் ஆண்டும், காட்சிக் குறிப்பு, கதைக்களத்துக்கும் தளத்துக்கும் உள்ள வேறுபாடு, இடத்தின் உரிமையாளர் அல்லது பொறுப்புத் துறை, செல்லத்தக்க நேரம், தடைகள், இடர்கள், அருகிலுள்ள பேருந்து அல்லது தொடர்வண்டி நிலையம், இறுதியாகச் சரிபார்த்த நாள்.

ஊர்ப்பெயர்ச் சிக்கலுக்கு இங்குத் தனிக் கவனம் வேண்டும். பேரணாம்பட்டு, பேர்ணாம்பட்டு எனவும், ஜோலார்பேட்டை, சோலையார்பேட்டை எனவும் ஒரே ஊர் இருவகையாக எழுதப்படுகிறது. தேடுபொறியில் ஒரு வடிவத்தைத் தேடுவோருக்கு மற்றொரு வடிவில் எழுதப்பட்டவை கிடைக்காமற் போகலாம். 2020 சூன் மாதத்தில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டுச் சில நாள்களில் அதனைத் திரும்பப் பெற்றது. வேலூரும் அப்பட்டியலில் இருந்தது. மாவட்டப் பிரிவினையும் இத்தகையதே. 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்கள் பிரிக்கப்பட்டன. ஆதலால் 2011இல் வெளியான 'வேலூர் மாவட்டம்' என்னும் படத்தலைப்புச் சுட்டும் நிலப்பரப்பு இன்றைய மாவட்டத்தினும் பெரியது. ஆம்பூரையும் ஏலகிரியையும் வேலூர் மாவட்டத்தில் உள்ளனவாகக் காட்டும் பழைய பக்கங்கள் இணையத்தில் உள்ளன. பதிவேட்டில் எல்லாப் பெயர் வடிவங்களையும் பழைய, புதிய மாவட்டங்களையும் சேர்த்துக் குறிப்பதால் இக்குழப்பம் தீரும்.

5. கருவிகளும் அவற்றின் எல்லைகளும்

பதிவேடு உருவான பின்னர் அதனை மக்களிடம் சேர்க்கும் கருவிகளைத் தேர்ந்து கொள்ளலாம். திறந்த வீதி வரைபடம், கூகுள் வரைபடம் ஆகியவற்றில் இடங்களைக் குறித்தல் எளிய வழியாகும். மலைப்பகுதிகளில் கைப்பேசி இணைப்புத் தடைபடுமாதலால் முன்கூட்டியே பதிவிறக்கத்தக்க வரைபடமும், அச்சிட்ட ஒற்றைத்தாள் வழிகாட்டியும் உடன் இருத்தல் நலம்.

கியூஆர் எனப்படும் விரைவுக் குறியீட்டைத் தாங்கிய பலகையை இடத்திலேயே வைப்பது இரண்டாம் வழி. கைப்பேசியால் அதனைப் படித்தவுடன் எழுத்துக் குறிப்பும் ஒலிக் குறிப்பும் பல மொழிகளில் கிடைக்கும். எழுதப் படிக்க அறியாதவருக்கும் பார்வைக் குறைபாடுடையவருக்கும் ஒலிக் குறிப்பே துணை. ஆயினும் வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அங்கே பலகை நடுவதற்கும் படம்பிடிப்பதற்கும் அத்துறையின் ஒப்புதல் வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதனை அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. எனவே பலகைகளை மருத்துவமனை அருகிலும், பேருந்து நிலையத்திலும், காட்பாடித் தொடர்வண்டி நிலையத்திலும் உரியவர் ஒப்புதலுடன் வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

மிகை மெய்ம்மை மூன்றாம் வழி. பயணி கைப்பேசியை ஓரிடத்தை நோக்கி உயர்த்தினால், பழைய திரைக்காட்சி இன்றைய காட்சியின் மீது படிந்து தோன்றும். கண்ணைக் கவரும் இக்கருவி பதிப்புரிமையைக் கருத்திற் கொள்ள வேண்டியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நிலைக்கும். 1964ஆம் ஆண்டிலும் அதற்கு முன்பும் வெளியான படங்களின் திரைப்பட உரிமை 2025க்குள் முடிந்துவிட்டது. உரிமைக்காலம் முடியாத படங்களின் காட்சித் துண்டுகளுக்கு உரிமையாளர் இசைவு வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகள் தனியே கணக்கிடப்படுவதால் பழைய படங்களிலும் பாடற் பகுதியைக் கையாளும்போது விழிப்பு வேண்டும். இசைவு பெற இயலாதவிடத்துக் காட்சியைச் சொற்களால் வருணித்துப் பயணி நிற்க வேண்டிய இடத்தை மட்டும் சுட்டினாலே போதும்.

ஆளில்லா வானூர்தியால் எடுத்த காணொளி நான்காம் வழி. 2021ஆம் ஆண்டின் வானூர்தி விதிகள் நாட்டின் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்துள்ளன. இவற்றை அரசின் இணையத்தளத்தில் பார்த்த பின்னரே பறக்கவிடுதல் வேண்டும். காப்புக்காடுகளுக்கு வனத்துறையின் ஒப்புதல் தனியே தேவை. காவலூரைப் பொறுத்தவரை இருளே அவ்விடத்தின் செல்வம். இரவுப் படப்பிடிப்பின் விளக்குகளும் ஊர்தி வெளிச்சமும் வானாய்வுக்கு ஊறு செய்யும். ஆகவே அதன் பதிவில் 'இரவில் விளக்கொளி தவிர்க்க' என்னும் குறிப்பு, அழகிய ஒளிப்படத்தினும் முன்னதாக இடம்பெற வேண்டும். இராமநகரத்தில் 'ஷோலே' பாறைகளை உள்ளடக்கிய குன்றுப்பகுதி 2012இல் பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டமை இங்கு ஒப்பிடத்தக்கது. திரைப்புகழைவிட அந்நிலத்தில் வாழும் உயிருக்கு அங்கு முதலுரிமை தரப்பட்டது.

6. பாலாற்றைக் காட்டும் முறை

இவ்வட்டாரத்தின் திரைப்படச் சுற்றுலா எதிர்கொள்ளும் கடினமான வினா பாலாறு பற்றியது. அகன்ற மணற்படுகையும் அதன் மேல் நீண்ட பாலமும் பின்னணியில் மலைத்தொடரும் அழகிய சட்டகத்தைத் தரும். அச்சட்டகத்தில் மண்ணினுள் இறங்கிய கழிவு தெரியாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் ஆறும் கிணறுகளும் வேளாண் நிலங்களும் கெட்டமை குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகத்து 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியும், முன்னெச்சரிக்கை நெறியும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என அத்தீர்ப்பு அறிவித்தது. 2025 சனவரியில் பாலாற்று மாசு தொடர்பாக உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணைகள் பிறப்பித்தது.

இந்நிலையில் பாலாற்றைத் தூய நீரோட்டமாகக் காட்டும் விளம்பரம் பொய்யாகும். அதனை முற்றிலும் மறைப்பதும் ஒருவகைப் பொய்யே. படப்பிடிப்புத் தளப் பதிவில் ஆற்றின் நிலையையும் 1996 தீர்ப்பையும் இரண்டு மூன்று வரிகளில் சொல்வது பயணியை விரட்டாது. சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் மாணவர்க்கு இவ்வாறு ஒரு நேர்க்களம் கிட்டும். பொதுவான பயணிக்கும் தாம் நிற்கும் மணலின் கதை தெரியவரும்.

தொழிற்கூடங்களைக் காட்டுவதிலும் இந்நேர்மை வேண்டும். ஆம்பூர்க் காலணித் தொழிற்கூடங்களில் பெண்கள் பெருந்தொகையினராகப் பணிபுரிகின்றனர். அவர்தம் உழைப்பை வியப்புக் காட்சியாக்கிக் குறுங்காணொளியில் இடுவது தகாது. இசைவு இன்றி முகம் தெரியுமாறு படமெடுத்தல் கூடாது என்னும் விதி வழிகாட்டியின் முதற்பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். ஏலகிரி, சவ்வாது மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

7. நடைமுறைப்படுத்தலும் அளவிடுதலும்

இப்பணியை வட்டாரக் கல்லூரிகள் மேற்கொள்ள இயலும். வேலூர் ஊரிசு கல்லூரி, வாணியம்பாடி இசுலாமியா கல்லூரி, மேல்விசாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி போன்றவை நெடுங்காலமாக இப்பகுதியில் கல்வி வழங்கி வருகின்றன. தமிழ், வரலாறு, கணினி அறிவியல் ஆகிய துறைகளின் மாணவர்கள் இணைந்து, ஒரு பருவத்துக்கு ஓர் ஊர் என்னும் அளவில் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டிச் சரிபார்த்துப் பதிவேற்றலாம். முதியவர்களின் நினைவு அழியும் முன்னர் இதனைச் செய்தல் வேண்டும். உருவாகும் தரவை மாநிலச் சுற்றுலாத் துறையோடு பகிர்வதால் பயணிக்குப் பயன் விளையும். படப்பிடிப்புக் குழுவினருக்கும் அது பயன்படும். 2015இல் ஏற்படுத்தப்பட்ட திரைப்பட வசதி அலுவலகத்தின் 'இந்தியா சினி ஹப்' இணையவாயில் படப்பிடிப்பு அனுமதிகளுக்கு வழிசெய்கிறது. பொறுப்புத் துறையையும் தடைகளையும் குறித்த உள்ளூர்ப் பதிவேடு அத்தகைய வாயிலுக்குத் துணையாகும். கேரளத்தில் 'கிரீடம்' படத்தால் பெயர்பெற்ற வெள்ளாயணிப் பாலத்தை அம்மாநிலச் சுற்றுலாத் துறை திரைச்சுற்றுலாத் திட்டத்தில் சேர்த்தமை ஒரு சிறு பாலமும் இம்முயற்சிக்குத் தகும் என்பதைக் காட்டுகிறது.

வெற்றியை அளவிடுவதில் விருப்பக்குறிகளின் தொகை போதிய சான்றாகாது. காணொளியைக் கண்டவர் அனைவரும் வருவதில்லை; வந்தவர் அனைவரும் ஊருக்குப் பயன் தருவதில்லை. விரைவுக் குறியீடு எந்த மொழியில், எந்த நேரத்தில் எத்தனை முறை படிக்கப்பட்டது என்பது ஓர் அளவு. உள்ளூர் வழிகாட்டி, தானி ஓட்டுநர், சிற்றுண்டிக் கடையினர் ஆகியோரின் வருவாய் மாற்றம் மற்றோர் அளவு. குப்பை, சேதம், இடர் நிகழ்வுகள் ஆகியவற்றின் எண்ணிக்கை மூன்றாம் அளவு. மூன்றாம் அளவு உயர்ந்தால் அவ்விடத்தின் விளம்பரத்தை நிறுத்தி வேறிடத்தை முன்னிறுத்தும் வசதி எண்ணிம வழிகாட்டிக்கு உண்டு. அச்சிட்ட கையேட்டுக்கு அவ்வசதி இல்லை.

முடிவுரை

திரைப்படம் ஓர் இடத்துக்குப் பெயரையும் கூட்டத்தையும் ஒரே நாளில் தந்துவிடக்கூடும். பாதுகாப்பையும் வரலாற்றையும் நேர்மையையும் ஊரார்தான் தர வேண்டும். குணா குகையில் முன்னது விரைந்து வந்தது; பின்னது வேலியாக மட்டுமே நின்றது. வேலூர் - ஆம்பூர் வட்டாரத்தில் இன்னும் காலம் உள்ளது. மருத்துவமனைத் தெருவில் காத்திருக்கும் பயணியும், பிரியாணிக்காக வண்டியை நிறுத்தும் பயணியும் இவ்வட்டாரத்துக்கு முன்னரே வந்துவிட்டவர்கள். அவர்களிடம் இடத்தின் உண்மைப் பெயரையும், காட்சிக்கும் களத்துக்கும் உள்ள வேறுபாட்டையும், செல்லக்கூடாத எல்லையையும், ஆற்றின் நிலையையும் தெரிவிக்கும் பதிவேட்டை உருவாக்குவதே முதற்கடமை. கருவிகள் அப்பதிவேட்டின் மீது அமையுமானால் திரைப்படச் சுற்றுலா இவ்வட்டாரத்துக்குத் துணைத்தொழிலாக வளரும். பதிவேடு இன்றி விளம்பரம் மட்டும் முந்துமானால், தோல் தொழிலால் ஒருமுறை ஆற்றை இழந்த மக்கள் சுற்றுலாவால் மலையையும் இழக்க நேரிடும்.